மாட வீதியில் பயிலும் தமிழ்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'விழாவும் மொழியும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொருள் பெரிது, பொழுதோ சிறிது. ஆகவே அதனை ஒரு வினாவாகச் சுருக்கிக் கொள்கிறேன். அயல் மண்ணுக்குச் சென்று ஒரு மொழியைக் கற்பவர், அம்மண்ணின் விழாக்களில் தோய்ந்து மகிழ்வது படிப்புக்கு இடையூறா, படிப்பின் ஒரு கூறா? இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ் கற்க வந்தவர்களின் வரலாறே விடை கூறும்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அவர் தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இவ்வூர் மக்கள் எந்தத் தெய்வத்தை எந்நாளில் எவ்வாறு வழிபடுகின்றனர் என்று கேட்டறிந்து, தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி ஒரு நூலை 1713இல் எழுதி முடித்தார். சமயம் பரப்ப அனுப்பப்பட்டவர் பிறர் சமயத்தை ஆராய்வது தகாது என்று கருதிய ஜெர்மானியத் தலைமை அதனை அச்சிட மறுத்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், நம் சென்னையில்தான் அது அச்சேறியது. மொழி கற்கப் புகுந்தவரை மக்களின் வாழ்வு தன்பால் ஈர்த்துக்கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் காலத்துக்கு வருவோம். பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ புதுச்சேரியில் தங்கித் தமிழில் ஆழ்ந்தார். அவர் 1968இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக வெளியிட்ட சங்க நூல் எது? வையைப் புதுப்புனலும், தைந்நீராடலும், பரங்குன்றத்துக் கூட்டமும் நிறைந்த பரிபாடல்! சங்கத் தொகை நூல்களுள் விழா மணம் மிகுந்தது அதுவே. 1970களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, மாஸ்கோவில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, தொல்தமிழ்க் கவிதையின் வேர்களைச் சடங்கிலும் தொன்மத்திலும் தேடி நூல் எழுதினார். 2020இல் துபியான்ஸ்கியையும் 2021இல் குரோவையும் நாம் இழந்தோம். இவ்விருவர் வழியிலும் கவிதைக்கும் விழாவுக்கும் இடையே சுவர் இல்லை என்பது நோக்கத்தக்கது.

விழா கற்பிக்கும் இலக்கணம்

இனி, நம் மயிலைக்கு வருகிறேன். பங்குனிப் பெருவிழாவின் பத்து நாள்களும் மாட வீதிகள் ஒரு திறந்தவெளி வகுப்பறையாகி விடுகின்றன. மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு விடை வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அகராதியில் தனித்தனியே உறங்கும் சொற்கள் அங்கே தோள்மேல் ஏறி வருகின்றன. வடம், முட்டுக்கட்டை, திருவாசி, சப்பரம், சீர்பாதம் தாங்கிகள், தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னால் மாணவர் குறித்துக்கொள்வர். வடத்தைக் கையால் தொட்டவரோ மறப்பதில்லை.

சொற்கள் மட்டுமா? இலக்கணமும் வீதியில் உலா வருகிறது. என்னிடம் தமிழ் பயின்ற ஓர் ஐரோப்பிய மாணவி, எண்ணுப் பெயர்களில் திணை வேறுபாடு ஏன் என்று பலமுறை கேட்டிருந்தார். மூன்று மாடு, மூன்று மரம் என்கிறோம். மனிதரை மட்டும் மூவர் என்பானேன் என்பது அவர் ஐயம். நூற்பா சொல்லியும் அவர் உள்ளம் நிறைவடையவில்லை. எட்டாம் நாள் பிற்பகலில் அடியார்களின் திருவுருவங்கள் வரிசையாக வருவதைக் கண்டபின் அவரே கூறினார்: "அறுபத்துமூன்று என்றால் வெறும் எண், அறுபத்துமூவர் என்றால் அத்தனை பேரும் ஆட்கள்." உயர்திணை என்பதற்கு அதனினும் எளிய உரையை நான் கேட்டதில்லை.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி அயலவரைத் திகைக்கச் செய்வது. அதற்கும் விழாவே பாலம். பாட்டி பேரனிடம் "சாமி வருது பாரு" என்கிறார். அதே நொடியில் ஒலிபெருக்கி "சுவாமி எழுந்தருளுகிறார்" என்கிறது. ஒரே காட்சி, இரண்டு தமிழ். எது சரி என்னும் வினாவே அங்கு எழுவதில்லை. ஒன்று இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு, மற்றொன்று ஊருக்கு. மொழி வழக்கு என்பது இடமும் உறவும் சார்ந்தது என்னும் பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த வகுப்பு நடத்தும்?

பூம்பாவைக்கு எழுப்பிய வினா

மயிலையில் நின்றுகொண்டு விழாவைப் பற்றிப் பேசுவோர் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தை நினையாதிருக்க முடியாது. ஏழாம் நூற்றாண்டில் பாடப்பட்ட அப்பதிகம், அரவு தீண்டி மாண்ட வணிகர் மகளை விளித்து எழுந்தது என்பது பெரியபுராணம் தரும் செய்தி. சிவனேசரின் அம்மகளிடம் பிள்ளையார் கூறுவது என்ன? மறுமையின் இன்பத்தையா? இல்லை. ஊர் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, இதனைக் காணாமலா செல்வாய் என்று பாட்டுக்குப் பாட்டு வினவுகிறார். அடியார்க்கு அமுதூட்டல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஓர் ஆண்டின் வட்டமே அதில் அடங்கியுள்ளது. உயிர்வாழ்தல் என்பதற்கு அப்பெருமான் கண்ட சான்று, ஊரோடு கூடி விழாக் காணுதல்!

இங்கு ஒரு சொல்லை உங்கள் கருத்துக்கு வைக்கிறேன். 'போதல்' என்னும் வினையை அப்பதிகம் இறத்தல் பொருளில் ஆள்கிறது. இன்றும் நாம் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறோம். தமிழ் கற்கும் அயலவர் தாம் தங்கியுள்ள வீட்டில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டால், வீட்டு அம்மையார் பதறி, 'வரேன்னு சொல்லுங்க' என்று திருத்துவார். அத்திருத்தத்தைப் பெற்றவர் பின்னர் அப்பதிகத்தைப் படிக்கும்போது, அதன் வினாவிலுள்ள துயரம் உரையாசிரியர் துணையின்றியே விளங்கிவிடும்.

அதே பதிகம் நமக்கும் ஒரு கண்ணாடியாகிறது. விளக்கீடும் பூசமும் இன்றும் நம் வீட்டுச் சொற்கள். ஆனால் ஐப்பசி ஓணம் எங்கே? ஓணம் என்றதும் நாம் கேரளத்தை அல்லவா நினைக்கிறோம்? 'பொற்றாப்பு' என்னும் சொல்லுக்கு நமக்கே உரை வேண்டியிருக்கிறது. விழா மறைந்தால் சொல்லும் உடன் மறைகிறது. அவ்விடத்தில் நாமும் அயலவரே.

இரு நகரங்கள், ஒரு நிலவு

நம் இளைஞர்களும் இன்று பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானிய மொழியும் கற்கின்றனர். ஸ்பெயினின் செவில் நகரில் பயிலச் செல்லும் ஒரு மயிலைப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். புனித வாரத்தில் அங்கே தேவமாதாவின் திருவுருவமும் இயேசுநாதரின் திருவுருவமும் பெரிய மேடைகளில் வீதியுலா வருகின்றன. 'பாசோ' எனப்படும் அம்மேடைகளைச் சுமப்போர் 'கோஸ்தலேரோ' எனப்படுவர். திரைச்சீலைக்குள் மறைந்து, பிடரியில் பாரம் தாங்கி, தலைவன் தட்டும் ஒலிக்கேற்ப அடியெடுத்து வைக்கின்றனர். நம் சீர்பாதம் தாங்கிகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுமோ? ஈஸ்டர் இளவேனில் முழுநிலவைப் பற்றி அமைவது. பங்குனி உத்திரமும் முழுநிலவைப் பற்றி அமைவது. பல ஆண்டுகளில் இரு நகரங்களும் ஒரே நிலவின்கீழ்த் தோள் கொடுக்கின்றன.

மேலும் ஒன்று. நாம் நாள்தோறும் கடக்கும் 'லஸ்' முனையின் பெயர், போர்த்துகீசியர் எழுப்பிய ஒளி மாதா ஆலயத்தால் வந்தது. 'லுஸ்' என்றால் அம்மொழியில் ஒளி. ஸ்பானிய மொழியிலும் அதுவே. நம் மக்கள் அவ்வாலயத்தைக் காட்டுக் கோவில் என்று வழங்கினர். மேசையும் சாவியும் அலமாரியும் அவர்கள் மொழி தந்த சொற்களே. ஆகஸ்டு 29இல் கொடியேறி, செப்டம்பர் 8இல் நிறைவுறும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா விழாவில் கேட்கும் தமிழும், மயிலையில் கேட்கும் தமிழும் ஒன்றையொன்று நன்கறியும். கொடியேற்றம், தேர், பவனி எனச் சொற்கள் சமய எல்லை பாராமல் நடமாடுகின்றன.

நம் கடமை

இவ்வளவு வளம் வீதியில் இருக்க, நாம் செய்வது என்ன? தண்ணீர்ப் பந்தலில் எல்லாருக்கும் "மோர் சாப்பிடுங்க" என்று அன்போடு நீட்டும் கை, வெள்ளைத் தோலைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. தமிழ் பேசத்தான் அவர் கடல் கடந்து வந்தார். வணக்கத்துக்கு மேல் ஒரு சொல்லும் அவருக்கு நாம் தருவதில்லை. அவர் தமிழில் கேட்கிறார். நாம் ஆங்கிலத்தில் விடையளிக்கிறோம். இது விருந்தோம்பல் அன்று. வாயிலில் நிறுத்தி அனுப்பிவிடுவது. அதனினும் வருந்தத்தக்கது, அதே ஆங்கிலத்தைத்தான் அருகில் நிற்கும் நம் குழந்தைக்கும் நீட்டுகிறோம் என்பது. தேரைக் காட்டிவிட்டுத் தேர் என்னும் சொல்லைத் தர மறந்தால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது நிழற்படம் மட்டுமே.

விழாவைக் காட்சியாகக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. ஆயினும் வண்ணத்தைக் கண்டவர் விருந்தினர். சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொன்னவரே ஊரார். அந்த ஊரார் நிலையை வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இல்லை. வீதியில் நிற்கும் நம்மிடம் உள்ளது.

ஆகவே இவ்வட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, சென்னையில் தமிழ் பயிலும் அயல்நாட்டு மாணவர்களை ஆண்டுதோறும் பங்குனி விழாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று முழுதும் அவர்களோடு தமிழில் மட்டுமே பேசுங்கள். இரண்டாவது, சீர்பாதம் தாங்கிகள், தேர்த் தச்சர், நாகசுரக் கலைஞர், பந்தல் அமைப்போர் ஆகியோரிடம் அமர்ந்து, அவர்கள் தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டுங்கள். கவிஞர்களாகிய உங்களுக்கு அது கொடையன்று; முதலீடு. அச்சொற்களில் பல இன்னும் எந்தக் கவிதையிலும் ஏறவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். மொழியும் அத்தகைய தேரே. வடத்தில் அயலவர் கையும் படட்டும். நம் குழந்தைகளின் கையும் படட்டும். வட்டம் மேலும் பல்லாண்டு சிறக்க வாழ்த்தி அமைகிறேன்.