பிறப்புறுப்பு மருக்கள்: உறையவைத்தலும் களிம்பும்



வெளியே சொல்லப் பலரும் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறோம். பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ சிறிய மருக்கள் தனியாகவோ கொத்தாகவோ வரலாம். எச்பிவி என்னும் கிருமிதான் காரணம். பெரும்பாலும் அதன் 6, 11 ஆகிய வகைகளே இவற்றை உண்டாக்குகின்றன. இவ்வகைகளால் புற்றுநோய் வருவது மிக அரிது.

கிருமி தொற்றிப் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தும் மரு தோன்றலாம். ஆகவே, மருவைக் கண்டவுடன் உங்கள் துணையைச் சந்தேகிக்க வேண்டாம்.

மருத்துவர் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைப்பார். அதன் குளிர்நிலை பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். சற்று நேரம் சுரீரென்று எரியும். பிறகு கொப்புளம் வரலாம். மரு கருகி உதிரும். சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கலாம்.

உறையவைத்தல் கண்ணுக்குத் தெரியும் மருவையே அழிக்கும். சுற்றியுள்ள தோலில் கிருமி தங்கியிருக்கலாம். அதனால் சிலருக்குக் களிம்பையும் சேர்த்துத் தருவார்கள். இமிகுவிமோட் என்ற களிம்பு, அந்த இடத்தில் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும்.

களிம்பைப் பயன்படுத்தும் முறை:

• உறையவைத்த புண் ஆறிய பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்குங்கள்.
• வாரத்தில் 3 இரவுகள், படுக்கும் முன் மெல்லியதாகத் தடவுங்கள்.
• 6 முதல் 10 மணி நேரம் கழித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
• மரு மறையும் வரை, அதிகபட்சம் 16 வாரங்கள் தொடருங்கள்.
• களிம்பு தோலில் இருக்கும்போது உடலுறவைத் தவிருங்கள். அது ஆணுறையைப் பலவீனமாக்கும்.

லேசான சிவப்பும் அரிப்பும் இயல்பானவை. தோல் புண்ணானால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சுண்ணாம்போ, கை கால் மருக்களுக்குக் கடையில் விற்கும் மருந்தோ அங்கே தடவவே கூடாது.

நீரிழிவு இருந்தால் புண் ஆறத் தாமதமாகலாம், முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தம் கசியும் கட்டியையும் ஆறாத புண்ணையும் மரு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெண்கள் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் மரு திரும்ப வரலாம். மனம் தளராமல் மீண்டும் வாருங்கள்.

பலதுறை மருந்தகத்திலோ, தேசியத் தோல் நிலையத்தின் டிஎஸ்சி மருந்தகத்திலோ ஆலோசனை பெறலாம். பிள்ளைகளை அழைத்துவர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருந்தால், இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்; அதுவே போதும்.