நள்ளிரவில் காய்கறி, விடியலில் பூ

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். கடைத்தெருவையும் பார்க்க ஆசையிருந்தால் வழி கேட்பதைவிட நேரம் கேட்டுக்கொள்வது நல்லது.

காந்தி மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் அடங்கிய பிறகுதான் அங்கே மொத்த வியாபாரம் களைகட்டும். ஒட்டன்சத்திரத்துக் காய், ஊட்டி கேரட் என்று லாரி லாரியாக வந்து இறங்கும். தலைச்சுமையோடு வருகிறவர் ‘வழி, வழி’ என்று குரல் கொடுத்தால் ஒதுங்கிவிடுங்கள். அவர் நிற்க மாட்டார். புதுக்கோட்டை, பெரம்பலூர்க் கடைக்காரர்கள் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். விடிந்தால் அவர்கள் கடை திறக்க வேண்டுமே! வீட்டுக்கு வாங்குபவர்கள் வருவது காலையில். சாயங்காலம் போனால் மிஞ்சிய தக்காளி கூறு கட்டிக் கிடக்கும். பேரம் பேச அதுதான் நேரம்.

நெரிசல் தாங்காமல் ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் பெரிய வளாகம் கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. 2020இல் கொரோனாவுக்காகப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். பிடிவாதம் என்பார்கள் சிலர். எனக்கென்னவோ அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. சரக்கு மட்டும் போனால் போதுமா, வாங்குகிறவர் வர வேண்டாமா?

காவிரிப் பாலம் தாண்டினால் மாம்பழச் சாலை. கோடையில் வந்தால் இமாம்பசந்து கேளுங்கள். விலை கூடுதல்தான்; சாப்பிட்ட பிறகு யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கோ விடியற்காலையில் போக வேண்டும். எட்டரை, கோப்பு போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மல்லி வரும். உதிரிப்பூ கிலோ கணக்கு, கட்டிய பூ முழக் கணக்கு. மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்துவிடும். தை முகூர்த்தங்களும் சேர்ந்துகொண்டால் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும்.

துணிமணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்து என்.எஸ்.பி. சாலை, நகைக்குப் பெரிய கடை வீதி. இரண்டும் மாலை நேரத்துத் தெருக்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்.எஸ்.பி. சாலையில் நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொன்மலைச் சந்தை. ரயில்வே பணிமனைக் குடும்பங்கள் வாரக் காய்கறியை அங்கேதான் வாங்கும்.

எங்கே போனாலும் ஒரு துணிப்பையும் கொஞ்சம் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் பூவுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பூக்காரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.