வாகை சூடியவனிடம் ஒரு வினா

அருகன் அடிமலர் போற்றி! 

வர்த்தமானர் என்னும் இயற்பெயரினும் மகாவீரர் என்னும் சிறப்புப் பெயரே உலகில் பெருவழக்காயிற்று. அவ்வீரர் ஏந்திய படைக்கலம் யாது? அவர் கைப்பற்றிய நாடு எது? படைக்கலமும் இல்லை, நாடும் இல்லை. பிறந்த அரச குடியையும் துறந்து சென்றவர் அவர். 'ஜினர்' என்னும் சொல்லுக்கும் வென்றவர் என்பதே பொருள். வெல்லப்பட்டவை குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்கள். வீரம், வெற்றி என்னும் சொற்களுக்கு இவ்வாறு புதுப்பொருள் கண்ட சமயத்தைச் சார்ந்தோர், போர்க்களத் தலைவன் ஒருவனை வீரன் என்று உலகம் கொண்டாடும்போது, அவனை எந்த அளவுகோலால் அளப்பது? இதுவே இன்று இந்த அவையின் முன் வைக்கப்படும் பொருள்.

இவ்வினாவை எழுப்புதற்குத் தாமல் மிகப் பொருத்தமான ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பழம்பதி இது. புறநானூற்றின் 43ஆம் பாட்டைப் பாடிய தாமப்பல் கண்ணனாரை இவ்வூரினர் என்று கொள்வர். அவர் சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானோடு வட்டாடினார். ஆட்டத்தில் புலவர் ஒரு வட்டைக் கையில் மறைத்துவிட்டார். வெகுண்ட மாவளத்தான் கையிலிருந்த வட்டை எடுத்துப் புலவர்மேல் எறிந்தான். உடனே அவர், நீ சோழன் மகன் அல்லை என்று கூறிவிட்டார். போர்க்குடியில் பிறந்த இளவரசனை நோக்கி அவன் பிறப்பையே ஐயுற்றுச் சொன்ன சொல் அது. காவலரை அழைத்துப் புலவரைச் சிறையிலிட அவனால் முடியும். அவன் அது செய்யவில்லை; நாணித் தலைகவிழ்ந்தான். பிழை செய்தவர் புலவர், நாணியவனோ மாவளத்தான். அந்த நாணத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்த கண்ணனார், புறாவின் துயர் தீர்க்கத் துலாக்கோலில் ஏறிய முன்னோன் மரபில் வந்தவன் இவன் என்று போற்றினார். எத்தனையோ போர்க்களப் புகழ் கொண்ட சோழர் குடியில் அவர் தேர்ந்தெடுத்த முன்னோன், ஓர் எளிய பறவையின் உயிரைக் காத்தவன் என்பதை அவையோர் கருதிப் பார்க்க வேண்டும்.

இந்நிகழ்ச்சி ஓர் அளவுகோலைத் தருகிறது. ஒருவனுடைய பெருமை அவன் வென்ற களத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. அவனை ஒருவர் ஐயுற்றுக் கேட்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதாலும் அளக்கப்படுவது.

தமிழ்ப் புலவர்கள் வேந்தரைப் புகழ்ந்து பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய புகழ்ச்சி கண்மூடிய புகழ்ச்சி அன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் பெருவெற்றி பெற்றான். எதிர்த்து நின்ற சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். அவ்வூரைச் சேர்ந்த வெண்ணிக் குயத்தியார் கரிகாலனை முன்னிலைப்படுத்திப் பாடும்போது, அவன் வெற்றியை முதலில் உரைத்து, பின்னர் நின்னினும் நல்லவன் வடக்கிருந்தவன் அல்லனோ என்ற கருத்துப்பட வினவினார். பெயரே அவரைக் குயவர் குடியினராகக் காட்டுகிறது. வென்ற வேந்தனிடம் தோற்றவனை மேலாக உரைக்க அவருக்குத் தடையில்லை. சேரன் மேற்கொண்டது மானம் கருதிய சாவு. சமணர் மேற்கொள்ளும் சல்லேகனையோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது. எனினும் வெற்றியும் மேன்மையும் ஒன்றல்ல என்னும் தெளிவு அப்பாட்டில் உள்ளது.

இவ்வினா முழு உருவம் பெறுவது சிலப்பதிகாரத்தில். வஞ்சிக் காண்டத்தைச் சேரன் செங்குட்டுவனின் வெற்றி முழக்கமாகவே பலர் படிக்கின்றனர். பத்தினிக்குக் கல் எடுக்க இமயம் சென்றதும், பதினெட்டு நாழிகையில் வடவர் படையை வென்றதும், கனக விசயர் தலையில் கல் ஏற்றியதும் மேடைதோறும் பேசப்படுகின்றன. ஆனால் அக்காண்டத்தின் நடுகற்காதையில் நிகழ்வது குறைவாகவே பேசப்படுகிறது. சிறைப்பட்ட வடவேந்தரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டிவரச் செங்குட்டுவன் ஆளனுப்பினான். அவ்விருவரும் வியந்து போற்றவில்லை. களத்தை விட்டு ஓடியவரையும் தவவேடம் பூண்டவரையும் பிடித்து வருவதும் ஒரு வெற்றியோ என்னும் பொருள்பட உரைத்தனர். அச்சொல் வஞ்சி நகரத்தை எட்டியது. செங்குட்டுவன் கண் சிவந்தான். மீண்டும் ஒரு போர் மூளும் நிலை.

அப்போது மாடலன் எழுந்தான். அரசு ஏற்று ஐம்பது ஆண்டு சென்ற பின்னும் அறக்கள வேள்வி செய்யாமல் மறக்கள வேள்வியே செய்கின்றாய் என்று வேந்தன் முகத்திற்கு நேரே கூறினான். முன்னோர் பெற்ற பெரும் புகழைச் சொல்லி, அவர்களும் நில்லாமல் மறைந்ததைக் காட்டினான். செல்வம் நில்லாது, இளமை நில்லாது, உயிர் தான் செய்த வினைவழியே செல்லும் என்று எடுத்துரைத்தான். மாடலன் மறையோன், அவன் கூறிய வேள்வி முறை சமணர்க்கு உடன்பாடன்று. ஆனால் நிலையாமையும் வினைப்பயனும் அந்த அறிவுரையின் உயிராக இருப்பதைச் சமணர் எவரும் உடனே உணர்வர். செங்குட்டுவன் கேட்டான்; சினம் தணிந்தான். கனக விசயரைச் சிறையினின்று விடுவித்தான். பிற சிறைகளையும் திறக்கச் செய்தான். நாட்டின் வரிச்சுமையைக் குறைத்தான். இளங்கோவடிகள் இவ்வேந்தனின் தம்பி என்பது மரபு. அண்ணன் வெற்றியைப் பாடிய துறவி அந்த வெற்றியின்மேல் எழுந்த ஐயத்தையும் மறைக்காமல் பாடினார். செங்குட்டுவனின் உயர்வு இமயத்தில் முடியவில்லை. மாடலனுக்குச் செவி கொடுத்த இடத்தில்தான் அது நிறைவுற்றது.

பிறருடைய வீரர்களை இவ்வாறு அளப்பது எளிது. தம் சமயத்து வீரரையும் இதே கோலால் அளக்கும்போதுதான் நேர்மை வெளிப்படும். அகிம்சை நாட்டைக் கோழையாக்கியது என்று ஒருவர் பழி சுமத்தும்போது, அதனை மறுக்க விரும்புவோர் சமணப் போர்த்தலைவர்களின் பட்டியலை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்பட்டியலின் முதற்பெயர் கலிங்க வேந்தன் காரவேலன்.

புவனேசுவரத்தை அடுத்த உதயகிரியில், ஹாத்திகும்பா என்னும் குகையில், அவன் வரலாறு 17 வரிகளில் பிராகிருத மொழியில் வெட்டப்பட்டுள்ளது. அருகரையும் சித்தரையும் வணங்கி அது தொடங்குகிறது. ஆட்சியின் 13 ஆண்டுச் செயல்களை அது வரிசைப்படுத்துகிறது. புயலால் சிதைந்த நகரைப் புதுப்பித்தான், நந்தர் வெட்டிய கால்வாயைத் தலைநகர்வரை நீட்டினான், வரிகளை நீக்கினான், நந்தர் கவர்ந்து சென்ற கலிங்க ஜினர் திருவுருவை மகதத்தினின்று மீட்டான், 13ஆம் ஆண்டில் குமரி மலையில் துறவியர்க்கு உறைவிடம் அமைத்தான். இவை அனைத்தும் போற்றத்தக்கவை.

அதே கல்லில் வேறு செய்திகளும் உள்ளன. 11ஆம் ஆண்டில் பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை ஏர் பூட்டி உழுதான். நெடுங்காலம் நிலைத்திருந்த தமிழரசர் கூட்டணியை உடைத்தான். சமயத்தால் உறவினன் ஆகிய இவ்வேந்தன் தமிழ்ச் சமணரின் மொழிவழி முன்னோரை எதிர்த்தவன். ஆகவே அவனை முழுமையாகப் போற்றுவதற்கும் முழுமையாகத் தூற்றுவதற்கும் தமிழ்ச் சமணர்க்கு இடமில்லை. பகைவர் நிலத்தைக் கழுதை ஏரால் உழுவது பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் வெற்றியாகவும் புறநானூற்றில் பாடப்படுகிறது. இக்கொடுமை ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

அக்கல்வெட்டில் காணாத ஒன்று உண்டு. போரில் மாண்டவர் எத்தனை பேர் என்று அது சொல்லவில்லை. அதே கலிங்கத்தை முன்னர் வென்ற அசோகன், அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் சிறைப்பட்டுப் பெயர்க்கப்பட்டனர் என்று தன் 13ஆம் பாறைக் கல்வெட்டில் தானே எண்ணிச் சொல்லி வருந்தினான். காரவேலன் அருகே ஒரு கண்ணனாரோ ஒரு குயத்தியாரோ ஒரு மாடலனோ நின்றதாகக் கல் கூறவில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் வினாவைக் கேட்கும் கடமை பின்வந்தோர்க்கு உரியது. கால்வாயை நீட்டியவனை வணங்குக. நகரை உழுதவனை ஐயுறுக. இரண்டும் ஒருவனே என்பதையும் மறவாது குழந்தைகளுக்குச் சொல்லுக.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழலாம். இல்லறத்தார்க்குச் சமணம் போரை முற்றிலும் விலக்கவில்லையே என்பர். உண்மை. இம்சையை ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கல்பம் என நான்காகப் பகுத்து, இவற்றுள் கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையைச் சிராவகர் அறவே விலக்க வேண்டும் என்பர். தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்பதில் நேரும் விரோத இம்சை இல்லறத்தார்க்கு முற்றிலும் தவிர்க்க இயலாதது. எல்லையில் நின்று காக்கும் படைவீரனைச் சமணம் இகழ்வதில்லை. ஆனால் இப்பகுப்பே வினா கேட்கும் கடமையை வலியுறுத்துகிறது. இப்போர் காப்பதற்காகவா, கவர்வதற்காகவா? காத்தபின் நின்றதா, சினத்தால் நீண்டதா? இவற்றைக் கேளாமல் எது விரோதம், எது சங்கல்பம் என்று எவ்வாறு பிரித்தறிவது?

ஆதி புராணம் இதற்கு விடையாக இரண்டு காட்சிகளைக் காட்டுகிறது. ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி விருஷபாசல மலையில் தன் பெயரைப் பொறிக்கச் சென்றான். மலை முழுதும் முன்னைய சக்கரவர்த்திகளின் பெயர்கள். எழுத இடமில்லை, ஒரு பெயரை அழித்தே தன் பெயரை எழுத நேர்ந்தது. அங்கே அவன் செருக்கு அடங்கியது. மற்றொரு காட்சி, அவன் தம்பி பாகுபலியோடு பொருத போர். படைகள் வீணே மடிய வேண்டா என்று அமைச்சர் விலக்க, உடன்பிறந்தார் இருவரும் நோக்கிலும் நீரிலும் மற்போரிலும் பொருதனர். மூன்றிலும் வென்றவன் பாகுபலி. வென்ற அந்நொடியில், அரசாசை அண்ணனை எவ்வளவு தாழ்த்திற்று என்று கண்டு, நாட்டையே துறந்தான். அவன் வினா எழுப்ப வேறு ஒருவர் வேண்டியிருக்கவில்லை. தன் வெற்றியைத் தானே வினவினான்.

பத்தாம் நூற்றாண்டில் கங்கர் படைத்தலைவன் சாமுண்டராயன், பல களங்களை வென்று விருதுகள் பல பெற்றவன். சிரவணபெளகொளவில் அவன் 57 அடி உயரத்தில் எழுப்பியது எந்தப் போர்வீரனின் உருவமும் அன்று. வெற்றியைத் துறந்த பாகுபலியின் உருவம். தாமலுக்கு அண்மையில், ஜின காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் உள்ளது. அதனைக் கட்டிய இருகப்பர் விசயநகர அரசின் படைத்தலைவர், காலம் 1387-88. அவர் வென்ற களங்களை அங்கு வழிபடுவோர் எத்தனை பேர் அறிவர்? மண்டபத்தையோ அறியாதவர் இல்லை.

இன்று உலகின் எத்திசையில் போர் மூண்டாலும் ஒரு தலைவன் வீரனாக உயர்த்தப்படுகிறான். அவனை நோக்கி வினா எழுப்புபவர் பகைவர் என்றும் துரோகி என்றும் பழிக்கப்படுகிறார். தமிழ் மரபில் குயத்தியாரைத் துரோகி என்றவர் இல்லை. சமண மரபில் பாகுபலியைக் கோழை என்றவரும் இல்லை. ஆகவே பிள்ளைகளுக்கு வீரர் கதை சொல்லும் பெற்றோர், வென்றவன் பெயரோடு நிறுத்தாமல், அவனை வினவியவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரிகாலனோடு குயத்தியாரையும், செங்குட்டுவனோடு மாடலனையும், மாவளத்தானோடு இத்தாமலின் கண்ணனாரையும் பிள்ளைகள் அறியட்டும்.

அறம் வளர்க! அருளுடைமை ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!