அரை நாள் ஒளி

"கண்ணுக்கே தெரியாத கோளை எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். "பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன். அன்றிரவு தேடிப் படித்தேன்.

ஒரு விண்மீனை மற்றொன்று கடக்கும்போது, முன்னுள்ளதன் ஈர்ப்பு லென்ஸ்போல ஒளியை வளைத்து, பின்னுள்ளதைப் பிரகாசமாக்கும். முன்னுள்ளதற்குக் கோள் இருந்தால், சற்று நேரம் கூடுதல் ஒளி தெரியும். விண்மீன்களின் இந்த ஒளிர்வைக் காணும் வாய்ப்பு அதிகமில்லை என 1936இல் ஐன்ஸ்டீனே எழுதினார். ஆனால் 2005 ஆகஸ்டில் சிலி, ஆஸ்திரேலியத் தொலைநோக்கிகள் தொடர்ந்து கண்காணித்து, அரை நாளே நீடித்த கூடுதல் ஒளியைப் பிடித்தன. பூமியைப்போல் ஏறத்தாழ 5.5 மடங்கு நிறையுள்ள கோள் அது. தவறவிட்டிருந்தால் அந்த ஒளி திரும்ப வந்திருக்காது.

மறுநாள் வருத்தம் தெரிவித்து, அவளுக்கு விளக்கினேன். இப்போதெல்லாம் தெரியாத கேள்வியைக் குறித்துக்கொண்டு, "நாளை சொல்கிறேன்" என்கிறேன்.