தொட்டுப் பார்த்தால் தெரியும்



இன்று கணவாய் பற்றிப் பேசலாம். ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய், பேய்க் கணவாய் என்று மூன்று வகை. மூன்றுக்கும் விலை வேறு. ஒரே கூடையில் கலந்து கிடந்தால், வியாபாரி எல்லாவற்றையும் குறைந்த விலைக்கே கேட்பார். நஷ்டம் நமக்குத்தான்.

இவை மீன் அல்ல. நத்தை, சிப்பி இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 3 இதயம் உண்டு. இரத்தம் நீல நிறம். முதலில் கேட்டபோது நான்கூட நம்பவில்லை.

ஆக்டோபஸ் என்கிறார்களே, அதுதான் பேய்க் கணவாய். கைகள் 8. உடம்பு பை போல இருக்கும். நம் வலையில் வருவதற்கு ஓடும் இல்லை, துடுப்பும் இல்லை. எளிதில் தெரிந்துவிடும். ஆனால் சின்னப் பேய்க் கணவாய் ஒன்றின் மேல் பளிச்சென்று நீல வளையம் தெரிந்தால் கையால் தொடாதீர்கள். வங்கக் கடலில் அது கிடைத்திருக்கிறது. கடித்தால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்ற இரண்டிலும்தான் குழப்பம். இரண்டுக்கும் 8 கைகளோடு நீண்ட கை இரண்டு உண்டு. ஆக 10. ஊசிக் கணவாய் நீளமாக இருக்கும். துடுப்பு வால் பக்கம் இருக்கும். ஓட்டுக் கணவாய் அகலமாக இருக்கும். துடுப்பு உடம்பு நெடுக, ஓரம் தைத்த மாதிரி இருக்கும்.

போன மாதம் வகுப்பில் இப்படித்தான் சொன்னேன். ஓர் அக்கா சிரித்தார். மறுநாள் ஒரு கணவாயோடு வந்தார். துடுப்பு உடம்பு நெடுக இருந்தது.

"ஓட்டுக் கணவாய்" என்றேன்.

அக்கா முதுகைக் கீறினார். ஓடு இல்லை! கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய தகடு வந்தது. இறகு மாதிரி இருந்தது. அதுவும் ஊசிக் கணவாய் இனம்தானாம். பாக் நீரிணையில் இந்த வகை கிடைக்கிறது.

ஓட்டுக் கணவாய்க்கு உள்ளே சுண்ணாம்பு ஓடு இருக்கும். கரையில் வெள்ளையாக ஒதுங்குமே, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்களே, அதுதான். அந்த ஓட்டில் சின்னச் சின்ன அறைகள் உண்டு. அதனால்தான் கணவாய் மூழ்காமல் நிற்கிறது.

"விற்கிற சரக்கைக் கீற முடியுமா அக்கா?" என்று கேட்டேன்.

"எதற்குக் கீற வேண்டும் தம்பி? முதுகைக் கட்டைவிரலால் அழுத்து. பலகை மாதிரி இருந்தால் ஓடு. வளைந்து கொடுத்தால் ஊசி" என்றார்.

அன்று 10 கணவாயைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.