ஒரு பண்டமும் ஒரு கடையும்

வாணிகத்தில் இருவகைப் போட்டிகள் உள. பண்டத்தைக் கொள்வோரைத் தம் பக்கம் இழுப்பதற்குக் கடைக்காரர் நிகழ்த்தும் போட்டி ஒன்று. பண்டத்தை ஆக்குவோரைத் தம் பக்கம் இழுப்பதற்கு அவர் நிகழ்த்தும் போட்டி மற்றொன்று. விலையைக் குறைத்தலும், நிறையைக் கூட்டுதலும், இன்முகம் காட்டுதலும் முதல்வகையின்பாற்படும். ஆக்கியவனுக்குப் பெரும்பொருள் கொடுத்து, 'உன் பண்டம் என் கடையில் அன்றிப் பிறர் கடையில் இருத்தலாகாது' என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் இரண்டாம் வகை. கணினி விளையாட்டுகளை விற்கும் கடைகளிடையே 2018ஆம் ஆண்டின் இறுதியில் மூண்ட பூசல் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கடைக்காரர் இருவர் பொருதுகையில் கொள்வோர் ஆரவாரம் செய்து மகிழ்வதே வழக்கம். இங்கோ கொள்வோர் சினந்தெழுந்தனர். அதன் காரணம் ஆராயத்தக்கது.

கணினி விளையாட்டு என்றவுடன் சிறுவரின் வீண்பொழுது என எண்ணி ஒதுக்குவோர் இன்றும் உளர். பெரியதொரு விளையாட்டை ஆக்குதற்கு ஓவியரும், இசைவாணரும், கதாசிரியரும், கணித வல்லுநருமாக நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர் என்பதை அவர் அறியார். முன்னாளில் இவ்விளையாட்டுகள் இறுவட்டிற் பதிக்கப்பட்டுப் பெட்டியில் இடப்பட்டுக் கடைத்தெருவில் விற்கப்பட்டன. இப்பொழுது பெட்டியும் இல்லை, வட்டும் இல்லை. இணையத்தின் வழியே பணம் செல்கின்றது. அதே வழியில் விளையாட்டு வீட்டுக் கணினிக்கு வந்து சேர்கின்றது.

இம்முறையைப் பெருவழக்காக்கியது ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள வால்வ் என்னும் கொம்பனி. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்னும் இருவர் 1996ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நீராவி எனப் பொருள்படும் 'ஸ்டீம்' என்ற பெயரில் அது ஓர் இணைய அமைப்பைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'ஹாவ் லைவ் 2' என்னும் புகழ்பெற்ற விளையாட்டைக் கடையில் வட்டாக வாங்கியவரும் ஸ்டீமைத் தம் கணினியில் நிறுவி, இணையத்தின் மூலம் அனுமதி பெற்ற பின்னரே விளையாடலாம் என்று வால்வ் விதித்தது. பணம் கொடுத்து வாங்கிய பண்டத்தைத் திறப்பதற்கு விற்றவனிடம் மீண்டும் அனுமதி கேட்பதா என்று அன்று பலர் கொதித்தனர். பின்னாளில் ஸ்டீமின் காவலராய் நின்று போர்க்கொடி தூக்கியவருள் அன்று வைதவரும் இருந்திருத்தல் கூடும். காலம் செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

ஸ்டீம் வளர்ந்தது. பிறர் ஆக்கிய விளையாட்டுகளும் அங்கே குவிந்தன. விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கினை வால்வ் தரகாக எடுத்துக்கொண்டது. நெடுங்காலம் இதனை எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பெட்டி, வட்டு, போக்குவரத்து, சில்லறைக் கடைக்காரர் இலாபம் என முன்னர்க் கழிந்த தொகையோடு ஒப்பிடுகையில் 30 பங்கு இலேசானதாகவே ஆக்குவோருக்குத் தோன்றிற்று.

இந்நிலையிலேதான் எபிக் கேம்ஸ் என்னும் கொம்பனி அரங்கில் ஏறிற்று. 1991ஆம் ஆண்டில் டிம் சுவீனி என்பவரால் தொடங்கப்பட்ட இக்கொம்பனி 'போட்னைட்' என்னும் விளையாட்டினாற் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்தது. 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அது தன் கடையைத் திறந்தது. தரகு நூற்றுக்கு 12 மட்டுமே. எஞ்சிய 88 பங்கும் ஆக்கியவருக்கு உரியது என்று சாற்றியது. இதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வால்வ் தன் தரகு முறையைத் திருத்தி, ஒரு விளையாட்டின் வருவாய் 10 மில்லியன் டொலரைத் தாண்டினால் 25 பங்கு, 50 மில்லியனைத் தாண்டினால் 20 பங்கு என அறிவித்திருந்தது. இத்திருத்தத்தால் நன்மை பெற்றவர் பெருஞ்செல்வரே. சிறிய கைவினைஞருக்கு அதே 30 பங்குதான்.

கணக்கைச் சற்று நோக்குவோம். 60 டொலர் விலையுள்ள விளையாட்டு ஒன்று ஸ்டீமில் விற்றால், 30 பங்கு கழிய, ஆக்கியவருக்கு 42 டொலர் கிடைக்கும். எபிக் கடையில் விற்றால் 52 டொலர் 80 சதம் கிடைக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் 10 டொலருக்கு மேற்பட்ட இவ்வேற்றுமை, நான்கைந்து பேராகக் கூடி உழைக்கும் சிறு குழுவினருக்கு அடுத்த ஆண்டுச் சம்பளம்.

ஆயின் ஆக்குவோருக்கு நன்மை செய்யும் கடைக்குக் கொள்வோர் ஏன் வரவேண்டும்? விளையாட்டை வாங்கியவர் எழுதும் மதிப்புரைகள் ஸ்டீமில் உள. எபிக் கடையில் இல்லை. பல பண்டங்களை ஒருசேர எடுத்துப் பணம் செலுத்துதற்குரிய கூடை வசதிகூட எபிக் கடையில் 2021ஆம் ஆண்டு டிசெம்பரிலேதான் வந்தது. மூன்றாண்டுக் காலம் கூடையில்லாது நடந்த கடை அது. எனவே கொள்வோரை வரவழைக்க எபிக் இரு வழிகளைக் கைக்கொண்டது. சில விளையாட்டுகளை இலவசமாக வழங்குதல் ஒன்று. பிறர் ஆக்கிய புதிய விளையாட்டுகளை, பெரும்பாலும் ஓராண்டுக் காலத்துக்கு, வேறு கணினிக் கடைகளில் வைக்கவொட்டாது தனக்கே உரியனவாக்குதல் மற்றொன்று.

இந்தத் தனியுரிமை எவ்வாறு பெறப்பட்டது? விளைச்சலுக்கு முன்னரே கமக்காரனிடம் முற்பணம் கொடுத்துப் பயிரைத் தன்வசப்படுத்தும் வணிகனை நேயர்கள் அறிவர். ஏறத்தாழ அதே முறைதான். இத்தனை பிரதிகள் விற்கும் என்று கணித்து, அதற்குரிய தொகையை எபிக் முன்னரே உறுதி செய்யும். விற்பனை குறைந்தால் நட்டம் எபிக்கைச் சேரும். கூடினால் மேலதிக வருவாயில் ஆக்கியவருக்குப் பங்குண்டு. 'கண்ட்ரோல்' என்னும் விளையாட்டின் கணினித் தனியுரிமைக்காக எபிக் கொடுத்த தொகை ஏறத்தாழ 94 இலட்சத்து 90 ஆயிரம் யூரோ என்பது 2019ஆம் ஆண்டில் ஓர் இத்தாலியக் கொம்பனியின் கணக்கறிக்கையால் வெளிப்பட்டது. எபிக்குக்கும் அப்பிள் நிறுவனத்துக்கும் இடையே 2021ஆம் ஆண்டில் நடந்த வழக்கின்போது வெளியான பத்திரங்களின்படி, 'போடர்லாண்ட்ஸ் 3' என்னும் ஒரு விளையாட்டுக்கு மட்டும் 146 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. அதில் 80 மில்லியன் விற்பனை உறுதிப்பணம்.

கொள்வோரின் சினம் முதன்முதலிற் பெரிதாகப் பொங்கியது 'மெற்றோ எக்சொடஸ்' விடயத்தில். அணுப்போருக்குப் பின் மொஸ்கோவின் சுரங்க இரயிற்பாதைகளில் ஒதுங்கி வாழும் மாந்தரைப் பற்றிய கதைவரிசையில் மூன்றாவது விளையாட்டு இது. பல மாதங்களாக ஸ்டீமில் முன்பதிவு நடைபெற்றுக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி, வெளியீட்டுக்குப் பதினெட்டு நாட்களே இருக்கையில், இனி ஓராண்டுக்கு இது எபிக் கடைக்கே உரியது என்று வெளியீட்டாளர் அறிவித்தனர். முன்னரே பணம் செலுத்தியவருக்கு ஸ்டீமிலேயே விளையாட்டு கிடைக்கும் என்றனர் எனினும், நெடுநாள் முன்பதிவுக்குப் பின் இவ்வாறு செய்தல் தன் வாடிக்கையாளருக்கு நியாயமன்று என்னும் பொருள்பட வால்வ் தன் கடையில் அறிவித்தல் ஒட்டியது.

இவ்விளையாட்டிலே வேறோர் உண்மையும் புலனாயிற்று. அதனைப் பலர் கவனித்திலர். ஐக்கிய அமெரிக்காவில் இதன் விலை 60 டொலரிலிருந்து 50 டொலராகக் குறைக்கப்பட்டது. 50 டொலரில் 88 பங்கு 44 டொலர். 60 டொலரில் 70 பங்கோ 42 டொலர். கொள்வோர் பத்து டொலர் மீதப்படுத்த, ஆக்கியவர் இரண்டு டொலர் மிகையாகப் பெற்றனர். இதுவே எங்கணும் வழக்கமாகியிருப்பின் பூசலே எழுந்திராது. அவ்வாறு ஆகவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த போடர்லாண்ட்ஸ் 3 வழமையான 60 டொலருக்கே விற்கப்பட்டது. ஏனையவும் பெரும்பாலும் அவ்வாறே. தரகு குறைந்ததனால் வந்த இலாபம் கொள்வோரை எட்டாது நின்றுவிட்டது.

இதற்கு வால்வும் காரணம் என்பார் உளர். ஸ்டீமில் விற்கும் விளையாட்டைப் பிற கடைகளிற் குறைந்த விலைக்கு விற்கவொட்டாது வால்வ் தடுக்கின்றது எனக் குற்றஞ்சாட்டி, வுல்வ்வயர் என்னும் சிறு கொம்பனி 2021ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. ஆக்குவோர் பலர் சார்பான கூட்டு வழக்காக அதனை நடத்தலாம் என்று 2024ஆம் ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் இசைந்தது.

மெற்றோ முன்பதிவு செய்தவரினும் மிகுந்த மனத்தாங்கலுக்கு ஆளானோர் 'சென்மூ 3' என்னும் விளையாட்டுக்குப் பொருளுதவி செய்தவர். இதன் முந்திய பாகம் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கதை இடைநடுவில் நின்றது. 2015ஆம் ஆண்டில் யப்பானியக் கலைஞர் யூ சுசுக்கி பொதுமக்களிடம் நிதி கோரியபோது, 69,000க்கு மேற்பட்டோர் 60 இலட்சம் டொலருக்கு மேல் அளித்தனர். இவர்கள் வெறும் வாடிக்கையாளர் அல்லர்; விதைநெல் கொடுத்தவர். கணினிப் பிரதியை நாடியவர் ஸ்டீம் வழியாக அதனைப் பெறுவதாகவே நம்பியிருந்தனர். 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது எபிக் கடைக்கென அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பின்னரே, விரும்புவோருக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்றும், அச்செலவை எபிக் ஏற்கும் என்றும் கூறப்பட்டது. இங்கே கொள்வோரின் முறைப்பாடு முற்றும் நியாயமானது. முதலில் ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. பிறிதொருவர் கொடுத்த பணத்துக்காக அவ்வாக்கு மாற்றப்பட்டது. எந்தக் கடை நல்லது என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை.

ஆனால் எல்லா முறைப்பாடுகளும் இத்தகையன அல்ல. 'ஊப்லெட்ஸ்' என்பது கணவனும் மனைவியுமாக இருவர் உழைத்து ஆக்கிய சிறு விளையாட்டு. எபிக்கின் உறுதிப்பணத்தை ஏற்றால் விளையாட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் தம் தொழில் நிலைக்கும் என்று கருதி அவர்கள் 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இசைந்தனர். அச்செய்தியைச் சற்று நகையாடும் தொனியில் வெளியிட்டமை விவேகமன்று எனலாம். அதற்காக அவர்மீது ஆயிரக்கணக்கான வசைகளும் கொடிய மிரட்டல்களும் பொழிந்தன. அவர் கூறாத சொற்களைக் கூறியதாகப் பொய்ச்சான்றுகளும் புனையப்பட்டன. இன்னும் விலைக்கு வராத ஒரு பண்டத்தை அடுத்த வீதிக் கடையில் வைக்கப்போவதாகச் சொன்ன இருவருக்கு இத்தண்டனை. கூலியுறுதியை நாடுதல் உழைப்பவன் எவனுக்கும் உரியது. அதனைக் குற்றமெனக் கொண்டவர், தாம் எவருக்காக வழக்காடினர் என்பதை மறந்தனர் என்றே சொல்லவேண்டும்.

மற்றொரு கடையில் ஒரு கணக்குத் தொடங்குவதற்குப் பணம் வேண்டியதில்லை. சில நிமிடமே போதும். அங்ஙனமாகவும் இத்துணைக் கோபம் ஏன் என்று சுவீனி சார்பினர் வினவினர். தனி விளையாட்டுப் பொறிகளைச் செய்யும் நின்ரெண்டோ போன்ற கொம்பனிகள் தம் விளையாட்டைத் தம் பொறியிலேயே ஓடச் செய்தலைப் பல்லாண்டாக எவரும் பழிக்கவில்லையே என்றும் கேட்டனர். நல்ல வினாக்கள். எனினும் நின்ரெண்டோ காப்பது பெரும்பாலும் தானே ஆக்கியதும், தன் பொருளுதவியால் ஆகியதுமான பண்டம். வால்வின் ஹாவ் லைவும் எபிக்கின் போட்னைட்டும் அத்தகையனவே. அவற்றைக் குறித்து எவரும் கலகம் செய்யவில்லை. எல்லாக் கடைக்கும் வரவிருந்த பண்டத்தை இறுதி வேளையில் விலைகொடுத்து நிறுத்துதல் வேறு செயல்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஸ்டீமில் ஒருவர் வாங்கிய விளையாட்டுகளின் தொகுதியை அங்கே நூல்நிலையம் என்றே அழைப்பர். பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்தவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குக் குடிபெயர முடியாது. நண்பருக்கு விற்கவும் முடியாது. வாங்குவது பண்டத்தையன்று, அதனைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே என்று கலிபோர்ணிய மாநிலத்துப் புதிய சட்டத்தை அனுசரித்து ஸ்டீமே 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் கடையிற் பொறித்தது. வீட்டு அலுமாரியிலுள்ள புத்தகத்தை எக்கடையில் வாங்கினோம் என்பது எவருக்கும் நினைவிராது. இங்கோ அலுமாரியே கடைக்காரன் வீட்டில் இருக்கின்றது. ஆகவே இரண்டாவது கடை என்பது இரண்டாவது அலுமாரி, இரண்டாவது திறப்பு, இரண்டாவது காவற்காரன். கொள்வோரை ஸ்டீமோடு பிணித்தது அன்பு மட்டுமன்று. பெயர்க்க இயலாத அவ்வலுமாரியுமாம். இப்பிணிப்பையே எபிக் உடைக்க முனைந்தது. ஆனால் அது நீட்டியதும் பெயர்க்க இயலாத மற்றோர் அலுமாரியே. வாங்கியதைக் காவலின்றிக் கையிலே கொடுத்துவிடும் முறையை 2008ஆம் ஆண்டு முதல் போலாந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. என்னும் சிறு கடை நடத்தி வருகின்றது. பெரும்பூசலில் அதன் பெயர் அதிகம் அடிபடவில்லை.

வால்வ் எல்லாருக்கும் நிலையாக 88 பங்கு கொடுக்க இசைந்தால் தனியுரிமை முறையை விட்டுவிடுவதாக 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் சுவீனி அறிவித்தார். வால்வ் இசையவில்லை. எபிக் தொடர்ந்து பணத்தைச் சொரிந்தது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உறுதிப்பணமாக அது ஏற்றுக்கொண்ட பொறுப்பு 444 மில்லியன் டொலர் என்பது மேற்கூறிய வழக்கில் வெளிவந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் கூகிள் நிறுவனத்துடனான வழக்கிற் சாட்சியமளித்த எபிக் கடையின் தலைவர், கடை இன்னும் இலாபம் காணவில்லை என்றார்.

அதற்குள் போர்முறையும் மாறிற்று. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், முற்பணத்துக்குப் பதிலாக, ஆறு மாதத் தனியுரிமை தருவோருக்கு அவ்வாறு மாத வருவாய் முழுவதையும் எபிக் விட்டுக்கொடுத்தது. 2025ஆம் ஆண்டு யூன் முதல், தனியுரிமை எதுவும் கோராமலே, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆண்டுதோறும் வரும் முதல் 10 இலட்சம் டொலருக்குத் தரகே இல்லை என்றாக்கியது. எபிக் கடை திறந்த நாளிற் காட்சிக்கு வந்த விளையாட்டுகளுள் ஒன்று 'ஹேடிஸ்'. கிரேக்கப் புராணத்தின் பாதாள உலகைக் களமாகக் கொண்டது. அது ஓராண்டு கழித்தே ஸ்டீமுக்கு வந்தது. அதன் இரண்டாம் பாகத்தின் முன்வடிவை அதே குழுவினர் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். இரண்டு கடைகளிலும் ஒரே நாளில்.