விலை சொல்பவர் யார்?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உலக நாடுகளிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பெரிய பொருள்தான், ஆயினும் அதன் வேர் பொத்துவில் களவெட்டிகளிலே கிடக்கிறது. வெள்ளாமை செய்து நெல்லைக் குவித்தவனுக்கு வியாபாரி வந்து விலை சொல்கிறான். பசளை வாங்கப் போனாலும் கடைக்காரனே விலை சொல்கிறான். விற்கும்போதும் வாங்கும்போதும் பிறர் வாய் பார்த்து நிற்பவன் எவ்வாறு முன்னேறுவான்? வறிய நாடுகளின் நிலையும் இதுவே.

கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை 1952இல் சரிந்துவிட்டது. நாம் வாங்கும் அரிசிக்கோ உலகெங்கும் தட்டுப்பாடு. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கை சீனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி பெறுவது, ஐந்தாண்டுக்கு. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடவே சீனம் கொடுத்தது. அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தது. சிறிய நாடு தன் பண்டத்துக்குத் தானே பேரம் பேசினால் அதற்கும் தண்டம்! ஆயினும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

தனி நாட்டின் பேரத்தை எல்லா வறிய நாடுகளுக்கும் உரியதாக்க முயன்றவர் நம் நாட்டவரான காமினி கொரயா. 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டுக்குத் தலைமைச் செயலாளராக இருந்தார். தேயிலை, இறப்பர் முதலியவற்றின் விலை வீழாமல் தாங்க ஒரு பொது நிதியம் வேண்டுமென்றார். 1980இல் உடன்பாடு எட்டியது. நடைமுறைக்கு வர 1989 ஆயிற்று. அதற்குள் செல்வ நாடுகளின் மனம் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

குற்றமெல்லாம் பிறநாட்டாருடையது என்று சொல்ல வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது நமது அரசாங்கமே. வயலில் இறங்குபவனை யார் கேட்டார்கள்? விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று நாடு அறிவித்தது; அவ்வாண்டு அரிசியையும் இறக்குமதி செய்தோம். உலகச் சந்தையில் இலங்கை நிற்கும் இடத்தில், கொழும்பின் முன்னே நம் கமக்காரன் நிற்கிறான்.

இளைஞர்களிடம் ஒன்று கேட்பேன். வரும் மாரிப் போகத்தில் ஒரு மூடை நெல்லுக்குக் களவெட்டியிலே கிடைத்த விலையையும், அந்நெல் அரிசியாகிக் கடைக்கு வந்தபின் உள்ள விலையையும், பசளைக்குச் சென்ற பணத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அக்கணக்கை அச்சிடுவோம்.